கடைசி ராக்கர்களுக்கு எண்ணெய் எட்டவில்லை: ஆலோசனை வேண்டும்
நண்பர்களுக்கு வணக்கம். புஷ்ராடு கொண்ட பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்றைச் சீரமைத்து வருகிறேன். வால்வு மூடியைக் கழற்றிவிட்டு ஐட்லிங்கில் ஓடவிட்டால், எண்ணெய் நுழையும் முனையை ஒட்டிய ராக்கர்களில் (புஷ்ராடின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல்கள்) அது தாராளமாக வழிகிறது. கடைசி இரண்டோ, தொட்டால் விரலில் பிசுக்குகூட ஒட்டாத அளவுக்கு உலர்ந்திருக்கின்றன. ஆயில் பிரஷர் கேஜ் சரியாகவே காட்டுகிறது. ஆனால் அது மெயின் கேலரியின் (இன்ஜினுக்குள் ஓடும் முதன்மை எண்ணெய்ப் பாதையின்) அழுத்தத்தைச் சொல்லுமே தவிர, சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறும் குறுகிய துளைக்கு அப்பால் நடப்பதைச் சொல்லாது.

ராக்கர்கள் அமர்ந்து ஆடும் குழல் தண்டான ராக்கர் ஷாஃப்டின் முனை அடைப்பான்களை எடுத்து, உள்ளே படிந்திருந்த கசடை நீக்கிவிட்டேன். ராக்கர்களுக்கு எண்ணெய் விடும் துளைகள் கீழ்நோக்கி, அதாவது சுமை விழும் பக்கமாகவே இருக்கின்றன. ஆனால் ஷாஃப்டின் அடிப்புறத்தில், முன் ராக்கர்கள் அமரும் இடங்களில், நகம் தடுக்கும் அளவுக்குத் தேய்மானம் தெரிகிறது. அந்த இடைவெளியில் எண்ணெய் வெளியேறிவிடுவதால்தான் பின்னால் அழுத்தம் குறைகிறது என்று கருதுகிறேன்.

இந்நிலையில் ஷாஃப்டை மட்டும் மாற்றினால் போதுமா, அல்லது ராக்கர் புஷ்களையும் (ராக்கரின் துளைக்குள் இருக்கும் உள்வளையங்கள்) மாற்றி, அளவு சரியாக ரீமர் போட வேண்டுமா? வெளிக்குழாய் வழியாக ஹெட்டுக்குக் கூடுதல் எண்ணெய் கொடுக்கச் சிலர் சொல்கிறார்கள். அது பேரிங்குகளுக்குப் போக வேண்டிய எண்ணெயைப் பறிப்பதோடு, தேய்ந்த வால்வு கைடுகள் (வால்வுத் தண்டு ஓடும் குழல்கள்) வழியாகப் புகையையும் கூட்டும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இவ்வேலையைச் செய்து பார்த்தவர்கள், ஷாஃப்டுக்கும் ராக்கருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வரை விடலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.