‘இடுப்பு வலி’ என்று மட்டும் சொன்னால் போதாது: எந்த மூட்டு, முழங்கால் எவ்வளவு விரியும், பிரசவம் எப்படி

பிசியோதெரபி பிரிவு, புதுச்சேரி

ஏழாம் மாதம் தாண்டி வருகிற கர்ப்பிணிகள் பெரும்பாலும் சொல்வது "இடுப்பு வலிக்குது" என்ற ஒரே வரி. நம்ம ஊரில் பிரசவ வலிக்கும் அதே பெயர்தான். அதனால் வீட்டில் சீரகத் தண்ணி வைத்துக் கொடுத்து "சூட்டு வலி, போயிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் ராத்திரி பதறி ஆட்டோ பிடித்து வந்து, "கர்ப்பப்பை வாய் திறக்கல, போயிட்டு வாங்க" என்று கேட்டுத் திரும்புகிறார்கள். இரண்டிலும் மூட்டை யாரும் பார்ப்பதில்லை.

இடுப்பெலும்பு வளையத்தில் மூன்று மூட்டுகள். முன்னால், அடிவயிறு முடிகிற இடத்தில் கைக்குத் தட்டுப்படும் எலும்பின் நடுவே ஒன்று. பின்னால், பிட்டத்துக்கு மேலே தெரியும் இரண்டு குழிகளுக்கு அடியில் இரண்டு. முன் மூட்டின் இடைவெளி சாதாரணமாக 4, 5 மில்லிமீட்டர். கர்ப்பத்தில் இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடும். தசைநார்கள் தளர்வதால் மூட்டுகள் சமமில்லாமல் அசைந்து வலிக்கின்றன. ஏறக்குறைய ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவருக்கு இது வருகிறது. குழந்தைக்கு இதனால் ஆபத்து கிடையாது.

மூட்டு வலி அசைவோடு வரும்: படுக்கையில் புரளும்போது, ஒற்றைக் காலில் நின்று பேன்ட் போடும்போது, டெம்போவில் இருந்து ஒரு காலை முதலில் கீழே வைக்கும்போது. பிரசவ வலி அப்படியில்லை. அசையாமல் படுத்திருந்தாலும் வயிறு கல்லாக இறுகி, விட்டு விட்டு வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும்.

மல்லாந்து படுத்து, முட்டி மடக்காமல் ஒரு காலை ஒரு சாண் உயரம் தூக்கச் சொல்லுங்கள். "கால் இரும்பா கனக்குது" என்பார்கள். இப்போது இன்னொருவர் இடுப்பின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையால் உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டால் அதே கால் லேசாக எழும்பும். அப்படி எழும்பினால் இடுப்பு பெல்ட் உதவும். ஆனால் நூற்றில் பாதிப் பேர் பெல்ட்டை வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்றே சொல்லலாம். கட்ட வேண்டிய இடம் வயிற்றுக்குக் கீழே, தொடை எலும்பின் குமிழ் பக்கவாட்டில் தட்டுப்படும் மட்டத்தில். இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கம். நடக்கும்போதும் நிற்கும்போதும் போடுங்கள், படுக்கும்போது கழற்றிவிடுங்கள்.

புரளும் முறை: இரண்டு முட்டியையும் மடக்கி, நடுவில் தலையணை வைத்து அழுத்திப் பிடித்து, தோளும் இடுப்பும் முட்டியும் ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். காட்டன் நைட்டி காட்டன் பெட்ஷீட்டில் ஒட்டிக்கொள்ளும். இடுப்புக்கு அடியில் பழைய வழுவழுப்பான சிந்தெடிக் புடவையை நாலாக மடித்துப் போட்டால் திரும்புவது பாதி சுலபம்.

கிராம சுகாதார செவிலியர், கடலூர் பக்கம்

மேலே சொன்னதோட வீட்டு வேலையையும் சேர்த்துக்கணும். "குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சாதான் சுகப்பிரசவம்"னு மாமியார் சொல்றது கெட்ட எண்ணத்துல இல்ல. மூட்டு வலி இல்லாத பொண்ணுக்கு அது சரியும்கூட. வலி இருக்கிற பொண்ணு குத்துக்கால் போட்டு கோலம் போடுறதும், அரிவாள்மனையில ஒரு காலை மடக்கி உட்காருறதும், குடத்தை ஒரு பக்க இடுப்புல வைக்கிறதும் மூட்டை ஒரு பக்கமா இழுக்கும். வேலையை நிறுத்தச் சொல்லல, மாத்திக்கச் சொல்றோம். காய் நறுக்க நாற்காலி. வளைகாப்புல மனைக்குப் பதிலா கை வச்ச நாற்காலி. படியேறும்போது வலி குறைஞ்ச காலை முதல்ல வச்சு, ரெண்டு காலும் ஒரே படியில சேர்ந்த பிறகு அடுத்த படி.

வண்டியில ஒருபக்கமா உட்கார்ந்தா இடுப்பு முறுக்கிக்கும், ரெண்டு பக்கம் கால் போட்டா முன் மூட்டு விரியும். செக்கப்புக்கு ஆட்டோவே மேல். முதல்ல பின்பக்கத்தை சீட்ல வச்சு உட்கார்ந்துட்டு, ரெண்டு காலையும் சேர்த்து உள்ள எடுக்கணும்.

மருந்துக் கடையில "உடம்பு வலிக்கு" வாங்குற மாத்திரைதான் பெரிய கவலை. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் எதுவும் டாக்டர் சொல்லாம வேண்டாம். 20 வாரத்துக்கு மேல குழந்தையோட சிறுநீரகத்தைப் பாதிச்சு பனிக்குட நீரைக் குறைக்கலாம். பாராசிட்டமால் போதும், அதுவும் டாக்டர் சொன்ன அளவுல. நாள் நெருங்கினதும் வலி சீக்கிரம் முடியட்டும்னு விளக்கெண்ணெய் குடிக்கிறாங்க. வயித்துப்போக்குல நீர் வத்தி, வந்த இடத்துல டிரிப்ஸ்தான் ஏத்த வேண்டியிருக்கு.

ரத்தம், நீர் கசிவு, காய்ச்சல், நீர்க்கடுப்பு, குழந்தை அசைவு குறையுறது, தொடை இடுக்கு மரத்துப்போறது, சிறுநீர் தெரியாம போறது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது – இதுல எது இருந்தாலும் மூட்டு வலின்னு உட்காராதீங்க. 108.

பிரசவ வார்டு செவிலியர், கடலூர்

"இந்த வலியோடு எப்படிப் பெற முடியும், ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று ஒன்பதாம் மாதத்தில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதில் முழங்கால் இடைவெளியில் தொடங்குகிறது.

37 வாரத்துக்குள் அளந்துவிடுங்கள். முதுகைச் சாய்த்துப் படுத்து முட்டியை மடக்கி, இரண்டு முழங்காலையும் மெதுவாக விரிக்கும்போது வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி, உள்பக்கத்துக்கு உள்பக்கம் இன்ச் டேப் வைக்க வேண்டும். உதாரணமாக 25 செ.மீ. வந்தால், "25 செ.மீ.க்கு மேல் கால் விரிக்க வேண்டாம்" என்று செக்கப் கார்டின் முதல் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். பிரசவம் எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மருத்துவமனையிலோ கோரிமேட்டு ஜிப்மரிலோ மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையிலோ நடக்கட்டும், ராத்திரி டூட்டிக்கு வருபவருக்கு அந்த வரி ஒன்றுதான் தெரியும். கூட இருக்கும் அம்மாவுக்கோ அக்காவுக்கோ அந்த எண் மனப்பாடமாக இருக்கட்டும்.

இந்த வலியோடு பெரும்பாலோர் சுகப்பிரசவமே ஆகிறார்கள். இடது பக்கம் ஒருக்களித்து, மேல்காலை ஒருவர் தாங்கிப் பிடிக்க முக்கலாம்; கட்டிலைப் பிடித்து முட்டி போடலாம். உள்பரிசோதனையையும் ஒருக்களித்தே செய்ய முடியும், கேளுங்கள். கால்களைக் கம்பியில் மாட்டியே ஆக வேண்டும் என்றால் இரண்டு பேர் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தூக்கி, ஒரே நேரத்தில் இறக்க வேண்டும், தையல் முடிந்த உடனே. செவிலியரின் இடுப்பில் பாதத்தை ஊன்றி முக்க வைக்கும் பழக்கம் இவர்களுக்கு ஆகாது.

முதுகில் மரப்பு ஊசி போட்டால் எச்சரிக்கை கூட வேண்டும். வலி தெரியாததால் கால் எவ்வளவு விரிந்தாலும் அவர் சொல்லமாட்டார். சிசேரியனிலும் இதே சிக்கல்தான்: சிறுநீர்க் குழாய் வைக்கும்போது முட்டியைத் தவளை மாதிரி இரண்டு பக்கமும் சாய்ப்பார்கள். மரத்த காலை அப்படி விடாமல், தொடைக்கு அடியில் இரண்டு பக்கமும் தலையணை வைக்கச் சொல்லுங்கள்.

சிசேரியன் இந்த வலிக்கு வைத்தியம் அல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து. மூட்டு அப்படியே இருக்கும், அதற்கு மேல் வயிற்றில் தையல். கட்டிலில் இருந்து எழ வயிறும் உதவாது, இடுப்பும் உதவாது. ரத்தக்கட்டு அபாயமும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சிக்கலும் கூடும். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, குழந்தை குறுக்கே கிடப்பது போன்ற காரணம் இருந்தால் அது வேறு. காலை விரிக்கவே முடியாமல், கட்டிலை விட்டு இறங்கவே முடியாமல் இருப்பவரோடு டாக்டர் உட்கார்ந்து இரண்டு வழியையும் பேசி முடிவெடுக்கலாம். அப்போது அவர் சிசேரியன் கேட்டால் "வலி தாங்காதவள்" என்று யாரும் பேசக் கூடாது.

பிசியோதெரபி பிரிவு, புதுச்சேரி

ஒன்று விட்டுப்போனது. பிரசவத்தின்போது முன் எலும்பில் 'டொக்' என்று கேட்டு, பிறகு காலை ஊன்றவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே கேளுங்கள். இடைவெளி 1 செ.மீ.க்கு மேல் இருந்தால் மூட்டு விலகியிருக்கிறது. பெரும்பாலும் பெல்ட், ஓய்வு, வாக்கர் இவற்றோடு ஆபரேஷன் இல்லாமலே சேர்ந்துவிடும்.

மற்றவர்களுக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் குறையும். அதுவரை சம்மணம் போட்டுப் பால் கொடுக்க வேண்டாம். முதுகுக்குச் சாய்மானம் வைத்த நாற்காலியில், பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். காலை நீட்டி, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதை ஆயாவே செய்யட்டும்.