கொழிஞ்சாம்பாறை வீட்டு குழு: புளியங்கொட்டையும் 1, 2-ம்

கவிதா: மாமா, ஓணம் லீவு புதிருல 1, 2 மட்டும் வச்சு, 1-ல ஆரம்பிச்சு எழுதணும், ஒரே எண்ணு எத்தனை தடவை ஒட்டி வருதுங்கற நீளத்த வரிசையா எழுதினா அதே வரிசை திரும்ப வரணும்னீங்களே. அதுக்கு பிரபு எழுதினது இது: 1 2 2 1 1 2 1 2 1 2. சரிங்களா?

செந்தில் மாமா: 8 வரைக்கும் சரி கண்ணு. எட்டாவதுல 2 வந்தாச்சு, அதோட இன்னொரு 2 ஒட்டி நிக்கணும்.

பிரபு: பாத்ததும் எப்படிங் மாமா சொல்றீங்க?

செந்தில் மாமா: நடுவுல 1 2 1 2 1 இருக்குதல்ல? அதுக்குள்ள 2, 1, 2 மூணும் ஒத்தையா நிக்குது. அப்ப நீளம் 1, 1, 1. அந்த நீளங்களும் இதே வரிசையாத்தான் வரணும். ஆனா இதுல ஒரே எண்ணு மூணு தடவை ஒட்டி வராது. நீளமே 1 இல்லாட்டி 2 தானே.

பிரபு: முதல்லருந்து ஒருக்கா சொல்லுங்க.

செந்தில் மாமா: கட்டம் போட்ட நோட்டுல 1 2 2 எழுது. மூணாவது கட்டத்துல ஒரு புளியங்கொட்டைய வை. கொட்டைக்கு அடியில 2 இருந்தா கடைசியில ரெண்டு எண்ணு சேரு, 1 இருந்தா ஒண்ணு. எந்த எண்ணு? கொட்டை ஒற்றைப்படை இடத்துல இருந்தா 1, இரட்டைப்படைன்னா 2. எழுதினதும் கொட்டைய ஒரே ஒரு கட்டம் நகத்து.

பிரபு: 3-ல 11, 4-ல 2, 5-ல 1, 6-ல 22... அட!

செந்தில் மாமா: ஆறுல இருக்குற 2-ஐ பாக்காம, அஞ்சுல இருக்குற 1-ஐயே மறுக்கா படிச்சிருக்கே. எல்லாரும் சறுக்குற இடம் அதுதான்.

கவிதா: நீளமா போனா?

செந்தில் மாமா: கொட்டை இருக்குற இடம் வரைக்கும் கூட்டு. எழுதி முடிச்ச எண்ணிக்கையும் அதுவும் ஒண்ணா இருக்கணும். 13 இடம் கூட்டினா 20. எழுதினதும் 20:
1 2 2 1 1 2 1 2 2 1 2 2 1 1 2 1 1 2 2 1
1-க்கு பதிலா 2 எழுதிட்டா இது உடனே காட்டாது. அதுக்கு ஒற்றை இரட்டையத்தான் பாக்கணும்.

பெரியப்பா: இது கொலகோஸ்கி வரிசை. 1965-ல கொலகோஸ்கிங்கறவர் கேட்ட கேள்வியால அந்தப் பேரு நிலைச்சுது. ஓல்டன்பர்கர்ங்கற கணித அறிஞர் 1939-லயே இதப் பத்தி எழுதிட்டாரு, பேரு மட்டும் அவருக்குப் போகல. மேல இருக்குற 20-ல 1 பத்து, 2 பத்து, எண்ணிப் பாரு.

கவிதா: எப்பவும் பாதிப் பாதிதானுங்களா?

பெரியப்பா: போகப் போக பாதிய நெருங்கும்னு தோணுது, நிரூபணம் இல்ல. 1-ஓட பங்கு கடைசியில 0.50084-ஐத் தாண்டாதுன்னு ஹ்வாடல்ங்கற கணித அறிஞர் காட்டிட்டாரு. பாதிக்கும் அதுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியத்தான் இன்னும் யாராலயும் முழுசா அடைக்க முடியல.

பிரபு: 21-வது 2 ங்களா?

செந்தில் மாமா: கொட்டை 14-ல, அடியில 1. ஆமா, ஒரே 2. அடுத்து 15-க்கு நகத்து.