கடலூர் 2140: காயில்கன், லேசர் எல்லாம் அறுபது வருஷம் தாங்குமா?

பகடைக்காய்:
ரோல்பிளே கேம் ஒண்ணு எழுதிட்டு இருக்கேன். பேரழிவு முடிஞ்சு 60 வருஷம். மேப் கடலூர் ஓ.டி.யிலேர்ந்து (ஓல்டு டவுன்) புதுச்சேரி வரைக்கும், உள்ளே நெய்வேலி வரைக்கும். தேவனாம்பட்டினத்துப் பழைய கோட்டை ஒரு கோஷ்டி கையில, நெய்வேலி சுரங்கம் இன்னொரு கோஷ்டி கையில. அழிவுக்கு முன்னாடி செஞ்ச காயில்கன் (கம்பிச் சுருள்ல மின்சாரம் பாய்ச்சி, காந்த இழுப்புல இரும்புக் குண்டை விடுறது), லேசர், பித்தளைக் கூடு இல்லாத கேஸ்லெஸ் தோட்டா மூணும் கிடைக்கும். டேமேஜ் மூணுக்கும் ஒண்ணுதான். இதுல எது தேறும்?

சுருள்கம்பி:
காயில்கன் கணக்கு முதல்ல. ஏகே ரகத் தோட்டா குழலை விட்டு வர்றப்ப சுமார் 2000 ஜூல். அந்தச் சக்தியைச் சேர்த்து வெச்சு ஒரே நொடியில கொட்டுறது கெபாசிட்டர். 450 வோல்ட், 1000 மைக்ரோஃபேரட் எலக்ட்ரோலைட்டிக் ரகம் (உள்ளே ஈரமான ரசாயனம் இருக்கிறது), பெரிய டார்ச் செல்லை விடக் கொஞ்சம் நீளம், முழுசா ஏத்தினா 101 ஜூல்தான். துளி வீணாகாம இருந்தாலே 20 வேணும். கைவேலையா கட்டுற காயில்கன்ல நூத்துக்கு அஞ்சு தேறினா பெரிய விஷயம். அப்ப 400 கெபாசிட்டர், நாப்பது கிலோவுக்குக் குறையாது. துப்பாக்கிக்கு மாட்டுவண்டிதான்.

பேட்டரியில சக்தி இல்லாம இல்ல. லேப்டாப் பேட்டரிக்குள்ள இருக்கிற 18650 லித்தியம் செல் ஒண்ணுல 32,000 ஜூல் கிடக்கு. ஆனா அது கொட்டி முடிக்க நிமிஷக் கணக்காகும், சுடுறதுக்குக் கிடைக்கிறதோ சில மில்லிசெகண்டு. குடம் பெருசு, வாய் சின்னது.

எதிர்காலம்னு ரெண்டு பொய் சொல்லிக்கலாம்: கெபாசிட்டர் எடைக்குப் பத்து மடங்கு பிடிக்கும், திறன் நூத்துக்கு அம்பது. அப்ப சுமார் 400 கிராம்ல அடங்கிடும். மூணாவது பொய் வேண்டாம்.

60 வருஷம் சும்மா கிடந்தது வேற கதை. உள்ளே ஈரம் காஞ்சிருக்கும், மின்சாரத்தைத் தடுக்கிற ஆக்சைடு படலம் மெலிஞ்சிருக்கும். எடுத்த கையோட முழு வோல்ட் கொடுத்தா கசிஞ்சு, சூடேறி, மூடி பிச்சுக்கும். வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா, மணிக்கணக்கா ஏத்தணும். அதை ரூலா வைங்க: ஒரு ராத்திரி பொறுக்காதவனுக்குப் பகடை.

உப்பங்காத்து:
கேஸ்லெஸ் தோட்டா கற்பனை இல்ல. மேற்கு ஜெர்மனியோட ஜி11 துப்பாக்கி 4.73 மி.மீ. கேஸ்லெஸ் தோட்டாதான் சுட்டது. ஆரம்ப மாடல்ல பெரிய தலைவலி, சூடான அறைக்குள்ள போன தோட்டா தானா வெடிச்சது. வழக்கமா வெளியே தெறிக்கிற பித்தளைக் கூடு சூட்டுல ஒரு பங்கையும் கூடவே கொண்டு போயிடும். ஈரத்தைத் தடுக்கிறதும் அதே கூடுதான். கூடே இல்லாத தோட்டாவை நம்ம கடற்கரைக் காத்துல வெச்சு நினைச்சுப் பாருங்க.

கூடு இருந்தாலும் மருந்து சாகும். நைட்ரோசெல்லுலோஸ் தானா சிதையும், அதைப் பிடிச்சு நிறுத்துற டைஃபினைலமைன் வருஷம் போகப் போகத் தீரும். சூடு கூடக்கூட வேகமா தீரும். தகரக் கொட்டாயில அக்னி நட்சத்திரத்தை அறுபது தடவை பார்த்த பெட்டியை விட, நிலத்தடி அறையில கிடந்த பெட்டிக்கு விலை வைங்க. பொய்த்த தோட்டாவுல ரெண்டு வகை வேணும்: வெடிக்காமலே போறது, நொடி தாமதிச்சு வெடிக்கிறது. உடனே போல்ட்டை (துப்பாக்கியோட பின்பக்க அடைப்பு) திறந்தவன் ரெண்டாவதுல மாட்டுவான்.

லேசர் தேறாது. உடம்புச் சூட்டுல இருக்கிற ஒரு கிராம் தண்ணியை ஆவியாக்கவே 2500 ஜூல் வேணும். லென்ஸ் மேல உப்புப் படிஞ்சா அந்த இடமே ஒளியை உறிஞ்சிச் சூடாகி விரிசல் விடும். கண்ணைக் கூச வைக்க, தூரத்துக்குச் சைகை காட்ட மட்டும் வைங்க.

மணிமுத்தாறு:
சுருள்கம்பி சொன்னதுல ஒரு திருத்தம். பழுதாகுறது எலக்ட்ரோலைட்டிக் ரகம். மெட்டலைஸ்டு ஃபிலிம் கெபாசிட்டர்ல (பிளாஸ்டிக் தாள் மேல மெல்லிசா உலோகம் பூசினது) காய்றதுக்கு ஈரமே கிடையாது. சின்னதா ஓட்டை விழுந்தா அந்த இடத்து உலோகம் ஆவியாகித் தானே சரியாயிடும். எடைக்குக் கொள்ளளவு கம்மி, அதனால கோட்டைச் சுவர் மேல நிலையா நிக்கிற ஆயுதத்துக்குத் தோது. திறன் பாதின்னு வெச்சு ஒரு ஷாட்டுக்கு 4000 ஜூல்னா 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயில்ல 40 நொடியில நிரப்பிடும். கார்த்திகை மழையில அந்தக் கோஷ்டி என்ன பண்ணும்?

பகடைக்காய்:
நெய்வேலிக்காரங்க கிட்ட நிலக்கரி இருக்கே, அங்கே போய் நிப்பாங்க. லேசரைத் தூக்கிட்டேன். ஃபிலிம் கெபாசிட்டர் கோட்டைக்கு, எலக்ட்ரோலைட்டிக் குப்பையில கிடைக்கும். தாமத வெடிக்கு 20 பக்கப் பகடையில 1 விழுந்தா போதுமா, 1–2ஆ?

உப்பங்காத்து:
நிலத்தடிப் பெட்டிக்கு 1. தகரக் கொட்டாய்க்கு 1–4.