480 பெரியதா, 100 பெரியதா?

மீனா அத்தை: பிரபு, அந்தப் பழைய ஹார்டு டிஸ்க் என்னவாயிற்று? கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான் கிடக்கிறது.

பிரபு: உயிரோடுதான் இருக்கிறது அத்தை. முதலில் கணினி கண்டுகொள்ளவே இல்லை. பின்புறம் இரண்டு ஊசிகளை இணைக்கும் குட்டி மூடியான ஜம்பரைப் பிடுங்கி ‘மாஸ்டர்’ (முதன்மை டிஸ்க்) இடத்தில் செருகியதும் வந்துவிட்டது.

பிரபு: டிஸ்க்கின் மேல் 40 ஜிபி, அல்ட்ரா ஏடிஏ/100 என்று அச்சிட்டிருக்கிறது. அதைக் கணினியில் இணைக்கும் யூஎஸ்பி 2.0 அடாப்டரின் பெட்டியில் 480 என்று இருக்கிறது. டிஸ்க்கைவிட அடாப்டர் ஐந்து மடங்கு வேகம், சரிதானே?

கவிதா: தவறு. 480 என்பது விநாடிக்கு மெகாபிட், 100 என்பது விநாடிக்கு மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட். 100-ஐ 8-ஆல் பெருக்கினால் 800 மெகாபிட். இப்போது சொல், எது பெரியது?

பிரபு: அடப்பாவிகளா!

கவிதா: யாரும் ஏமாற்றவில்லை. ஒற்றை வரிசையில் பிட் பிட்டாகப் போவதைப் பிட்டில்தான் சொல்வார்கள். நெட்வொர்க், யூஎஸ்பி, பிறகு வந்த டிஸ்க் இணைப்பான சாட்டா எல்லாம் அப்படி. உன் டிஸ்க்கின் ஏடிஏ கேபிளில் (ஐடிஇ என்றும் சொல்வார்கள்) 16 பிட், அதாவது 2 பைட், ஒரே நேரத்தில் போகிறது. அதனால் அங்கே கணக்கு பைட்டில்.

ராகவன் சித்தப்பா: கணக்கு சரி கவிதா. ஆனால் அந்த 800-ஐ நம்பிவிடாதீர்கள். 100 என்பது கேபிள் தாங்கும் வேகம். டிஸ்க்குக்குள் சுழலும் தட்டிலிருந்து தரவு வரும் வேகம் வேறு. அந்தக் காலத்து 40 ஜிபி டிஸ்க், தட்டின் வெளி ஓரத்தில் விநாடிக்கு 40 மெகாபைட் தந்தாலே பெரிய விஷயம். உள் வட்டங்களுக்குப் போகப் போக அதுவும் ஏறக்குறையப் பாதியாகிவிடும். தட்டு சுற்றும் வேகம் மாறாது, உள்ளே சுற்றளவு சிறியது, ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் தரவும் குறைவு.

மீனா அத்தை: பிட்டோ பைட்டோ, வீடியோ எத்தனை மணிக்குக் கிடைக்கும்?

கவிதா: சொல்கிறேன் அத்தை. 480-ஐ 8-ஆல் வகுத்தால் 60. கட்டளை, பதில் என்று வழியில் கழிவது போக 30, 35 மெகாபைட்தான் கைக்கு வரும். 40,000 ÷ 30 = 1,333 விநாடி, சுமார் 22 நிமிடம். உள் வட்டத் தாமதத்தையும் சேர்த்தால் அரை மணி நேரத்துக்கு மேல். குட்டிக் குட்டிப் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் இழுக்கும்.

ராகவன் சித்தப்பா: பிரபு, ஏதாவது பழைய கணினியின் யூஎஸ்பி 1.1 துளையில் செருகிவைக்காதே. அது 12 மெகாபிட், அதாவது 1.5 மெகாபைட். ஏழு மணி நேரம் தாண்டும். அக்கா என்னைத்தான் திட்டுவார்.

பிரபு: புதிய மடிக்கணினிதான் சித்தப்பா. ஆக, பிட்டை 8-ஆல் வகுத்தால் எல்லா இடத்திலும் விடை கிடைத்துவிடும்?

கவிதா: சாட்டாவில் கிடைக்காது. முதல் தலைமுறை சாட்டா 1.5 கிகாபிட். 8-ஆல் வகுத்தால் 187.5 வரும். உண்மையில் 150 மெகாபைட்தான், ஏனென்றால் ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றித்தான் அனுப்புகிறது. அங்கே 10-ஆல் வகுக்க வேண்டும். 3 கிகாபிட் என்றால் 300, 6 என்றால் 600.

ராகவன் சித்தப்பா: இதனால்தான் கடைசி ஐடிஇ ஆன ஏடிஏ/133-இலிருந்து சாட்டாவுக்கு மாறியபோது பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. 133-க்கும் 150-க்கும் என்ன பெரிய தூரம்! மெலிந்த கேபிள் வந்ததுதான் அன்று எனக்குப் பிடித்தது.

பிரபு: அதற்கு முன்னால் எல்லாம் எப்படி எண்ணினார்கள்?

ராகவன் சித்தப்பா: நானோவிநாடியில். பிஐஓ என்ற பழைய ஐடிஇ முறையின் மோடு 4-இல் 120 நானோவிநாடிக்கு ஒருமுறை 2 பைட். 2-ஐ 120 நானோவிநாடியால் வகுத்துப் பார், விநாடிக்கு 16.7 மெகாபைட். மோடு 0-இல் 600 நானோவிநாடி, ஆகவே 3.3. இன்னும் பின்னால் போனால், 1980-இல் வந்த எஸ்டி-506 டிஸ்க்கின் வேகம் 5 மெகாபிட். கவனி, அங்கே பிட்! பைட்டில் 625 கிலோபைட்.

கவிதா: மொத்தக் கொள்ளளவே 5 மெகாபைட் உள்ள டிஸ்க்குக்கு அது போதுமே.

பிரபு: நகல் எடுப்பது ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் விநாடிக்கு 28 எம்பி என்று காட்டுகிறது. 30 சொன்னீர்களே அக்கா?

கவிதா: விண்டோஸ் 1024 × 1024 பைட்டை ஒரு எம்பி என்கிறது. டிஸ்க், கேபிள் கணக்கில் எம்பி என்றால் பத்து லட்சம் பைட். 28-ஐ 1.0486-ஆல் பெருக்கு, 29.4. என் மதிப்பீடு அவ்வளவு மோசமில்லை.

ராகவன் சித்தப்பா: 1.44 எம்பி பிளாப்பியைப் பார்த்தால் கவிதாவுக்கு ரத்தம் கொதிக்கும். அதில் ஒரு எம்பி என்பது 1000 × 1024! இரண்டு கணக்கையும் கலந்து ஒரு புதுக் கணக்கு.

பிரபு: ஆனால் டிஸ்க்கின் மொத்த அளவு 37.2 ஜிபி என்றுதான் காட்டுகிறது. 40 இல்லையா?

மீனா அத்தை: ஐயோ, மீதி 3 ஜிபி போய்விட்டதா? அதில்தான் வீடியோ இருந்ததா?

கவிதா: எதுவும் போகவில்லை அத்தை. 4,000 கோடி பைட்டை 1024-ஆல் மூன்று முறை வகுத்தால் 37.25. அளக்கும் படி வேறு, அரிசி அதே அரிசி.

மீனா அத்தை: அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா!

ராகவன் சித்தப்பா: என்னிடம் ஸ்கஸி என்ற வேறு வகை இணைப்பில் ஓடும் அல்ட்ரா 320 டிஸ்க் ஒன்று இருக்கிறது பிரபு. 320 மெகாபைட், உங்கள் கணக்கில் 2.56 கிகாபிட். அடுத்து அதையும் பார்க்கலாமா?

பிரபு: அதற்கு அடாப்டர் நீங்களே தேடிக் கொடுத்தால் பார்க்கிறேன் சித்தப்பா.