வேலை வொல்ஃப்ஸ்புர்க்கில், வீடு பெர்லினிலா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்

புதுவரவு_சென்னை:
வணக்கம். ஜெர்மனிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேலை வொல்ஃப்ஸ்புர்க்கில், கார் ஆலையைச் சார்ந்த மென்பொருள் பணி. நிறுவனம் கொடுத்த அறையை மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். இந்த ஊரில் மாலை ஏழு மணிக்கு மேல் தெருவில் ஆளே இல்லை. பெர்லினில் நல்ல வீடு ஒன்று அமைந்திருக்கிறது, வாடகையும் குறைவு. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்தானாம். வேளச்சேரியிலிருந்து அம்பத்தூருக்குப் போய்வந்தவன் நான், ஒரு மணி நேரப் பயணம் எனக்குப் பெரிதல்ல. எடுக்கலாமா? யாராவது உடனே சொல்லுங்கள், இரண்டு இரவாகத் தூக்கமில்லை.

நொய்கோல்ன்_வாசி:
யோசிக்கவே யோசிக்காதீர்கள், எடுத்துவிடுங்கள். பெர்லினில் வீடு கிடைப்பதே அதிசயம். ஒரு வீட்டைப் பார்க்க மாடிப்படி முழுக்க ஆட்கள் வரிசையில் நிற்கும் ஊர் இது. நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஒருவருடைய வரவேற்பறைச் சோபாவில் படுத்துக்கொண்டே விண்ணப்பங்கள் அனுப்பினேன். பாதிப் பேர் பதில்கூடப் போடவில்லை. இங்கே முருகன் கோயில் இருக்கிறது, முருங்கைக்காய் கிடைக்கும், ஜெர்மன் தெரியாமலே நாள் ஓடும். ரயில் செலவை வருமான வரியில் திருப்பி வாங்கிவிடலாம்.

தடம்_எட்டு:
அந்த வழித்தடத்தில் வேலைக்குப் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேண்டாம். ஒரு மணி நேரம் என்பது பெர்லின் நிலையத்திலிருந்து வொல்ஃப்ஸ்புர்க் நிலையம் வரைக்கும்தான். வீட்டிலிருந்து நிலையத்துக்கு யார் கொண்டுபோய் விடுவார்கள்? 2024-இல் நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம். ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதம் என்றே ரயில் நிறுவனத்தார் எண்ணுவதில்லை, ரத்தான ரயில் அந்தக் கணக்குக்குள்ளேயே வராது. ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கு, இரண்டு மணி நேரமானால் பாதி திரும்பக் கிடைக்கும். ஐம்பத்தைந்து நிமிடத் தாமதத்துக்கு ஒன்றும் கிடையாது.

ஐசிஇ என்ற அந்த அதிவேக ரயில்கள் எல்லாமே வொல்ஃப்ஸ்புர்க்கில் நிற்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிற்க வேண்டிய ரயில்களும் நிற்க மறந்து கடந்துபோனது 2011-இல் செய்தித்தாள்களில் வந்த கதை. உள்ளூர், வட்டார ரயில்களுக்கான மாதச் சீட்டான டாய்ச்லாந்து டிக்கெட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2023-இல் 49 யூரோவில் தொடங்கியது, இப்போது 63. அதை வைத்துக்கொண்டு ஐசிஇயில் ஏற முடியாது. ஊர் ஊராக நிற்கும் ரயிலில் ஷ்டெண்டாலில் மாறிப் போனால் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் தாண்டும்.

ஹாம்_பெரியவர்:
தம்பி, நீர் எங்கே இருக்கலாம் என்று கேட்கிறீர். நான் 1985-இல் வந்தவன். கிழக்கு பெர்லின் ஷோன்னஃபெல்டில் இறங்கி, நகர ரயிலில் மேற்குப் பக்கம் வந்து, அங்கிருந்து இவர்கள் அனுப்பிய ஊருக்குப் போனோம். எங்கே இருக்க விருப்பம் என்று எங்களிடம் ஒருவரும் கேட்டதில்லை. அகதி விண்ணப்பம் முடியும்வரை அனுமதிக் கடுதாசி இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்ட இயலாது. அடுத்த ஊரிலிருந்த தம்பியின் கலியாணத்துக்குக்கூட எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். தெருவில் ஆள் இல்லை என்பது ஒரு குறையா? நான் இருக்கும் ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது? ஆட்கள் வந்தபின் ஊர் தானாக அமையும். வொல்ஃப்ஸ்புர்க்கிலிருந்து ஹாம் வரை ஒரே ரயிலில் வரலாம், தேர்த் திருவிழாவுக்கு வாரும். சில ரயில்கள் ஹாமில் இரண்டாகப் பிரியும், பெட்டி எண்ணைப் பார்த்து ஏறும்.

கால்வாய்க்கரை:
வொல்ஃப்ஸ்புர்க்கைப் பற்றி எல்லோருக்கும் ஏன் இவ்வளவு இளக்காரம்? நானும் என் கணவரும் இங்கேதான் இருக்கிறோம். நிலையத்துக்கு எதிரே கால்வாய், கால்வாய்க்கு அப்பால் ஆலை. அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்வந்து, மாலை ஐந்துக்கெல்லாம் வீட்டில் சாம்பார் வைத்துவிடுகிறேன். பெர்லின்காரர்கள் அந்த நேரத்தில் நடைமேடையில் நிற்பார்கள். 1962-இலிருந்து இத்தாலியர்கள் ஆலைக்கு வேலைக்கு வந்த ஊர் இது, காப்பிக்காவது குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சற்றுச் சிரமம்.

மழைக்கோட்டு:
ஞாயிற்றுக்கிழமை எல்லா ஊரிலும் சிரமம்தான். கடை மூடியிருக்கும், கண்ணாடிப் போத்தலைத் தொட்டியில் போட்டால் சத்தம் என்று புகார் வரும். எங்கள் மாடி அம்மா, கடுகு தாளிக்கும் வாசனைக்கு வீட்டு நிர்வாகத்துக்குக் கடிதமே எழுதிவிட்டார். நான்கு பக்கம். அதில் கடுகை மிளகு என்று எழுதியிருந்தார்.

நொய்கோல்ன்_வாசி:
கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த நாட்டில் எதற்குத்தான் கடிதம் இல்லை? தோல் மருத்துவரிடம் நேரம் கேட்டேன், நான்கு மாதம் கழித்துக் கொடுத்தார்கள். அரிப்பு அதற்குள் ஊருக்குப் போய்விட்டது.

தடம்_எட்டு:
மருத்துவராவது பரவாயில்லை. இணைய இணைப்புக்குக் காத்திருந்த கதையைச் சொல்லட்டுமா?

கணக்கர்_அக்கா:
அதைத் தனியாகச் சொல்லுங்கள் தம்பி. கேட்டவர் தூக்கமில்லாமல் இருக்கிறார், நாம் கடுகில் இறங்கிவிட்டோம்.

சென்னைத் தம்பி, வாரத்தில் எத்தனை நாள் அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும்? சோதனைக் காலம் எவ்வளவு? குடும்பம் வருகிறதா? கார் ஓட்டுவீர்களா? வீட்டை நேரில் பார்த்தீர்களா? வீட்டுக்காரர் அன்மெல்டுங் என்ற முகவரிப் பதிவுக்கான உறுதிப் படிவம் தருவாரா?

புதுவரவு_சென்னை:
நன்றி அக்கா. முதல் ஆறு மாதம் தினமும் நேரில், பிறகு வாரம் மூன்று நாள். அந்த ஆறு மாதமும் சோதனைக் காலம். மனைவியும் மகளும் மூன்று மாதத்தில் வருகிறார்கள். மகளுக்கு இரண்டு வயது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். சென்னை உரிமம் இருக்கிறது. வீட்டைப் பார்க்கவில்லை, படங்கள் அனுப்பினார். வீட்டுக்காரர் பணி நிமித்தமாக ஸ்பெயினில் இருக்கிறாராம். மூன்று மாத வாடகையை முன்பணமாக அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவார். பதிவுப் படிவம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

கால்வாய்க்கரை:
ஐயோ, பணம் அனுப்பிவிட்டீர்களா?

புதுவரவு_சென்னை:
இன்னும் இல்லை. வங்கியில் தினசரி வரம்பு தடுத்துவிட்டது.

கணக்கர்_அக்கா:
அந்த வரம்பை உயர்த்தாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர், கூரியரில் வரும் சாவி, சந்தை நிலவரத்துக்குக் குறைந்த வாடகை: இது இங்கே ஊரறிந்த மோசடி. கடவுச்சீட்டு நகலை அனுப்பியிருந்தால் அந்த உரையாடலைச் சேமித்து வைத்துக்கொண்டு காவல்துறையில் எழுதிக் கொடுங்கள். கௌத்சியோன் என்ற முன்பணம், சூடேற்றும் செலவு முதலியவை சேராத வெறும் வாடகையில் மூன்று மாத அளவைத் தாண்டக் கூடாது. சட்டப்படி அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம், முதல் தவணை குடியேறும்போதுதான். பதிவுப் படிவம் தராத வீட்டை எந்த ஊரிலும் எடுக்காதீர்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும், வரி எண்ணும் அந்த முகவரிக்குத்தான் வரும்.

அந்த வீட்டை விட்டுவிட்டு ஊர் விஷயத்துக்கு வருகிறேன். சோதனைக் காலத்தில் இரண்டு வார அவகாசத்தில் வேலை போகலாம். சாதாரண வாடகை ஒப்பந்தத்தை விட்டு வெளியேற உங்களுக்கு மூன்று மாதம் வேண்டும். எனவே இந்த ஆறு மாதத்துக்கு வொல்ஃப்ஸ்புர்க்கிலோ பக்கத்து நகரமான பிரவுன்ஷ்வைக்கிலோ சாமான்களோடு கூடிய வாடகை வீடு பாருங்கள். பெர்லினுக்குக் குடிபெயர்ந்தால் வதிவிட அனுமதிக் கோப்பும் அந்த ஊர் அலுவலகத்துக்கு மாறும். குடும்பம் வரப்போகும் நேரத்தில் அந்த அலைச்சல் வேண்டாம்.

வரி பற்றி நொய்கோல்ன் தம்பி சொன்னது பாதி உண்மை. செலவு திரும்ப வராது, வரி விதிக்கும் வருமானம்தான் குறையும். 2026 முதல் ஒரு வழித் தூரத்துக்குக் கிலோமீட்டருக்கு 38 சென்ட். ரயிலில் போனால் ஆண்டுக்கு 4500 யூரோ உச்சம், அதற்கு மேல் செலவானால் டிக்கெட்டுகளைக் காட்ட வேண்டும். உரிமம், வந்து பதிந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும், பிறகு இங்கே எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உண்டு.

நொய்கோல்ன்_வாசி:
குழந்தை இருந்தால் பெர்லின்தான் நல்லது அக்கா. இங்கே கிட்டா என்ற குழந்தைகள் காப்பகத்துக்குக் கட்டணமே இல்லை, சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 23 யூரோ.

கணக்கர்_அக்கா:
உண்மைதான். வொல்ஃப்ஸ்புர்க் இருக்கும் நீடர்சாக்சன் மாநிலத்தில் மூன்று வயதிலிருந்துதான் இலவசம். ஆனால் இந்தக் குழந்தைக்கு ஓர் ஆண்டில் மூன்று நிரம்பிவிடும். அப்பா காலை ஆறு மணி ரயிலைப் பிடித்தால் கிட்டாவுக்கு யார் கூட்டிப்போவது? அம்மாவும் வேலை தேடுவார் அல்லவா? இடம் கேட்கும் உரிமை ஒரு வயதிலிருந்தே எல்லா மாநிலத்திலும் இருக்கிறது, இடம் கிடைப்பது வேறு கதை. முகவரி உறுதியான அன்றே பதிந்து வையுங்கள்.

தடம்_எட்டு:
பிரவுன்ஷ்வைக்குக்கு என் ஓட்டும் உண்டு. பல்கலைக்கழக ஊர், மாணவர் கூட்டத்தால் மாலையிலும் கலகலப்பாக இருக்கும். வொல்ஃப்ஸ்புர்க்குக்கு அரை மணி நேரத்துக்குள் ரயில். இடையில் ஒற்றைத் தடமாக இருந்த பகுதியை 2023 டிசம்பரில் இரட்டையாக்கிவிட்டார்கள். இதற்கு அந்த 63 யூரோ டிக்கெட்டே செல்லும். பெர்லினுக்குச் சனிக்கிழமை போய் முருங்கைக்காய் வாங்கி வாருங்கள்.

புதுவரவு_சென்னை:
எல்லோருக்கும் நன்றி. ஸ்பெயின்காரரை முடக்கிவிட்டேன். மனிதவளத் துறையில் கேட்டதும் அறையை இன்னும் மூன்று வாரம் நீட்டித்தார்கள். முதலிலேயே கேட்டிருக்கலாம் என்று மனைவி சொல்கிறார். சனிக்கிழமை பிரவுன்ஷ்வைக்கில் ஒரு வீட்டை நேரில் பார்க்கப் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம். விளம்பரத்தில் ‘சமையலறை இல்லை’ என்று போட்டிருக்கிறது. தட்டச்சுப் பிழையா?

கால்வாய்க்கரை:
பிழையில்லை தம்பி. அறை இருக்கும், குழாய் முனையும் இருக்கும். அடுப்பு, தொட்டி, அலமாரி மூன்றும் உங்கள் பொறுப்பு. காலி செய்து போகிறவர் தன்னுடையதை விற்கப் பார்ப்பார், சனிக்கிழமை போகும்போதே அவரிடம் விலை பேசுங்கள். எவ்வளவு சொல்கிறார் என்று இங்கே எழுதுங்கள், அதிகமா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறோம்.