குழந்தைகளுக்கான எடைவாரி மருந்து அட்டை யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். குழந்தைகள் அவசரப் பிரிவில் சுவரில் ஒட்ட, 3 முதல் 30 கிலோ வரை ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு வரி உள்ள அட்டை தேவை. மி.கி. மட்டும் போட்ட அட்டைகள் நிறைய கிடைக்கின்றன. சிரிஞ்சில் இழுப்பது மி.லி. என்பதால் அவை பாதி உதவிதான்.

12 கிலோ குழந்தைக்கு இதயம் நின்றுவிட்டால் சிரை வழி (IV) அட்ரினலின் 0.12 மி.கி. நம்மிடம் இருப்பது 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பூல். 9 மி.லி. நார்மல் சலைன் சேர்த்து 1:10,000 (1 மி.லி.யில் 0.1 மி.கி.) ஆக்கி 1.2 மி.லி. கொடுக்க வேண்டும். கலக்காமல் அதே 1.2 மி.லி. போனால் பத்து மடங்கு! அனாஃபிலாக்ஸிஸுக்கோ (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) கலக்காத மருந்தே தசையில், 0.12 மி.லி. இரண்டும் ஒரே கட்டத்தில் இருக்கவே கூடாது.

வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் 1 மி.கி./மி.லி., 5 மி.கி./மி.லி. என இரண்டு விதமாக வருகிறது. 1.2 மி.கி.க்கு ஒன்றில் 1.2 மி.லி., மற்றதில் 0.24 மி.லி. பின்னதை 1 மி.லி. சிரிஞ்சில்தான் சரியாக அளக்க முடியும். அட்டையில் அதையும் குறித்திருந்தால் நல்லது. இன்னொரு வலிப்பு மருந்தான ஃபெனிடாயின் வரியில் "சலைனில் மட்டும், டெக்ஸ்ட்ரோஸ் கூடாது" என்று இருக்க வேண்டும், டெக்ஸ்ட்ரோஸில் படிந்துவிடும்.

எடை பார்க்க நேரமில்லாதபோது, குழந்தையின் நீளத்தை அளந்து எடையை மதிப்பிடும் ப்ரோஸ்லோ டேப் உதவும். ஆனால் 10 கிலோவுக்கு மேல் நம் குழந்தைகளின் எடையைக் கூட்டிக் காட்டுகிறது. அதை எப்படித் திருத்திப் பயன்படுத்துகிறீர்கள்?

எக்செல் கோப்பாக இருந்தால் மிகவும் நல்லது. எந்த ஆம்பூல் செறிவுக்குக் கணக்கிட்டது, யார் சரிபார்த்தது, கடைசியாகத் திருத்திய தேதி மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.