அக்ரிலிக் பல்செட்டில் நானோத் துகள்: லேப் மேசையில் கண்டவை (பல்செட் செய்பவர்கள் நால்வர் புனைபெயரில் சொன்னவை)

மெழுகுக்கத்தி:
மேல்தாடைப் பல்செட் (மேல்செட்) நட்டநடுவில் இரண்டாகப் பிளந்து திரும்பி வருவது எந்தப் பல் லேபுக்கும் புதிதல்ல. அதற்காக, செட்டின் அடித்தளமான அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் பவுடரில் சிர்க்கோனியா (சிர்க்கோனியம் ஆக்சைடு) நானோத் துகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். சேர்க்கலாம். ஆனால் வாங்கிய துகளை அப்படியே தூவிக் கிளறினால் செட் முன்பைவிடச் சீக்கிரம் உடையும். கொதிநீரில் ரவையை மொத்தமாகக் கொட்டினால் நடுவில் வேகாத கட்டி நிற்குமே, அதேதான். கட்டிக்குள் ரெசின், அதாவது அக்ரிலிக், இறங்காது. விரிசல் அங்கேயே தொடங்கும்.

அதனால் முன்வேலை தேவை. 100 மில்லி அசிட்டோனில் 0.3 கிராம் மெத்தாக்ரிலேட் வகை சிலேனைக் கரைத்து, 30 கிராம் துகளைப் போட்டு, காந்தக் கலக்கியில் 1 மணி நேரம் ஓடவிடவும். பிறகு வெற்றிடத்தில் 60 டிகிரியில் அசிட்டோனை வெளியேற்றி, 120 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்த வேண்டும். சிலேனின் ஒரு முனை துகளைப் பிடிக்கும், மறுமுனை க்யூர் ஆகும்போது (சூட்டில் இறுகும்போது) அக்ரிலிக்கோடு பிணையும். மெழுகு உருக்கும் பர்னர் எரிகிற அறையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

மேல்செட்டுக்கு 24 கிராம் பவுடர், 10 மில்லி லிக்விட் (பவுடரோடு பிசையும் திரவமான மோனோமர்) என்று வையுங்கள். 5 சதவீதம் என்றால் 1.2 கிராம் துகள். அந்த எடையைப் பவுடரில் கழித்துக்கொள்ளவும். அளவைக் கூட்டக் கூட வலு கூடும் என்ற கணக்கு இங்கே எடுபடாது, மறுபடி கட்டி தட்டும்.

ஃபிளாஸ்க்மூடி:
செட்டில் துளை விழுந்தால் உடனே நானோ மேல் பழி போடுகிறார்கள். முதலில் துளை எங்கே என்று பாருங்கள். தடித்த பகுதியின் உள்ளே உருண்டைக் குமிழ் என்றால் சூட்டை அவசரமாக ஏற்றியிருக்கிறீர்கள்: லிக்விட் 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், க்யூரிங்கின் சொந்தச் சூடும் அதோடு சேரும். 74 டிகிரியில் 2 மணி நேரம், பிறகு 100 டிகிரியில் 1 மணி நேரம், அதன்பின் ஃபிளாஸ்க்கை (கலவையை அடைத்துச் சூடேற்றும் அச்சுப்பெட்டி) மேசையிலேயே ஆறவிடுவது. இதில் குறுக்கு வழி இல்லை. வெண்திட்டாக, சொரசொரப்பாக இருந்தால் லிக்விட் போதவில்லை, அல்லது மாவுப் பதம் வருமுன் மணல் பதத்திலேயே அடைத்துவிட்டீர்கள்.

புதிய கலவையை வாய்க்கு அனுப்புமுன் 64 × 10 × 3.3 மில்லிமீட்டர் பட்டைகள் செய்து, 37 டிகிரி நீரில் 50 மணி நேரம் ஊறவைத்து, வளைத்து உடைத்துப் பாருங்கள். பல்செட் அடித்தளப் பொருளுக்கான ஐஎஸ்ஓ 20795-1 தரம் கேட்கும் வளைவு வலு குறைந்தது 65 மெகாபாஸ்கல்.

ரோஸ்ஷேட்:
நிறத்தை யாரும் சொல்லவில்லையே. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, சிர்க்கோனியாவுக்கு 2-ஐத் தாண்டும். இந்த வித்தியாசத்தால் ஈறு நிறம் சுண்ணாம்பு கலந்த ரோஸாக வெளிறிவிடும். சிலிக்கா 1.46 என்பதால் அவ்வளவாகத் தெரியாது. கேண்டிடா பூஞ்சையைத் தடுக்க வெள்ளி நானோ போட்டால் பழுப்பேறும், முன்பக்கத்தில் வேண்டாம். டைட்டானியம் டைஆக்சைடு ஒளிபட்டால் கிருமியைக் கொல்லும் என்பது சரி, ஆனால் அதற்கு வேண்டிய புற ஊதா ஒளி வாய்க்குள் எங்கிருந்து வரும்?

அடுக்கச்சு:
செட்டை 3டி பிரிண்டரில் ஒளியால் இறுகும் திரவ ரெசின் கொண்டு பிரிண்ட் செய்பவர்களுக்கு: துகள் ரெசின் தொட்டியின் அடியில் படியும், ஒவ்வொரு பிரிண்டுக்கும் முன் கலக்கவும். துகள் ஒளியைச் சிதறடிப்பதால் அடுக்குகள் சரியாக ஒட்டாமல் உரியலாம். ஒளி படும் நேரத்தைக் கூட்டுங்கள்.

மெழுகுக்கத்தி:
உடைந்து வந்த செட்டுக்கு நானோ எதுவும் தேவையில்லை. விளிம்பை 45 டிகிரி சரிவாக்கி, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மோனோமரால் 180 விநாடி நனைத்துவைக்கவும். அந்த 3 நிமிடத்தில் பழைய அக்ரிலிக் ஊறி உப்பினால்தான் புதியது உள்ளே பிடிக்கும். பஞ்சால் தொட்டு ஒற்றிவிட்டு ஒட்டினால் அதே கோட்டில் மறுபடி பிரியும்.